கிராமப் பாடசாலைகளும் சிறுவர்களின் மிகைப் பருமனும்

(ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் பயிர்ச் செயல் விளக்க வேலை பார்க்கும் விவசாய இலாகா ஊழியர் ஒருவர் எழுதியது)

பயிருக்கு எரு குறைந்தால் விளைவு குறையும் என்பதை எல்லா விவசாயிகளும் அறிவார்கள். எரு மிஞ்சினாலும் விளைவு கெடும் என்பதை அனுபவம் முதிர்ந்தவர்களே அறிவார்கள். தழைச் சத்து மிஞ்சிய நெற்பயிர் கரும்பச்சை நிறத்துடன் தழைத்து நின்று, வரப்பில் போவோரெல்லாம் மெச்சும்படி இருக்கும். ஆனால் புகையானும் குலைநோயும் அதனையே முதலில் நாடும். கதிர் முற்றும் சமயத்தில் ஒரு காற்றடித்தால் அதுவே முதலில் சாயும். தூற்றிப் பார்க்கையில் பதரே மிகுந்திருக்கும்.

நம் கிராமங்களில் வளரும் சிறுவர் சிறுமியரில் ஒரு பகுதியார் இப்பொழுது இத்தகைய பயிரைப் போல வளர்ந்து வருகின்றனர். விவசாயப் பத்திரிகையில் இவ்விஷயத்தை எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக் கூடும். இதற்குக் காரணமும் பரிகாரமும் பெரும்பாலும் நிலத்திலும், சமையலறையிலும், பாடசாலை வாசலிலும் இருக்கின்றன. இம்மூன்றும் நிலமுடையோர், கிராம அதிகாரிகள் ஆகியோரின் கைக்கு எட்டியவை. ஆகவே இதனை இங்கு விரிவாய்க் கூற விரும்புகிறேன்.

1. தற்கால நிலைமை

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் அளவுக்கு மீறிய பருமன் உடையவர்கள் 1990-ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 2 பேராக இருந்தனர். 2022-ஆம் வருஷத்தில் நூற்றுக்கு 8 பேராயினர். இவர்களின் தொகை 16 கோடியாகும்.

நம் தேசத்தில் 2016 முதல் 2018 வரை நடந்த சிறுவர் போஷாக்கு ஆராய்ச்சியில், 5 முதல் 9 வயதுடையோரில் நூற்றுக்குச் சுமார் 4 பேரும், 10 முதல் 19 வயதுடையோரில் நூற்றுக்குச் சுமார் 5 பேரும் மிகை எடை கொண்டிருந்தனர். அதே ஆராய்ச்சியில் 5 முதல் 9 வயதுடையோரில் நூற்றுக்கு 23 பேர் மெலிந்திருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. இருவகைச் சிறுவரும் ஒரே ஊரில், ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

நூற்றுக்கு நாலைந்து பேர் என்பது சொற்பம் என்று எண்ண வேண்டாம். நோய் தோன்றும் வயலிலும் முதலில் நாலைந்து தூர்களே காணும். பெரியவர்களின் நிலைமையைப் பார்த்தால் இது எங்கே போய் முடியும் என்பது விளங்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் மிகை எடை உடையவர்கள் 2015–16-ஆம் வருஷக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 30.9 பேர்; 2019–21-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் 40.4 பேர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஈரலில் கொழுப்புப் படிதல், முழங்கால் வலி ஆகியவை இதனைத் தொடர்ந்து வருகின்றன. சிறுவயதில் படிந்த பருமன் பெரிய வயதிலும் பெரும்பாலும் நீடிக்கிறது. ஐம்பது வயதில் வர வேண்டிய வியாதி முப்பது வயதில் வந்தால், அது குடும்பத்தின் உழைப்பையும் நிலத்தையும் கரைத்துவிடும்.

2. இது யார் வீட்டுப் பிள்ளை?

இக்கேள்விக்கு என் சொந்த அனுபவத்தைக் கொண்டே பதில் கூறுகிறேன். என் மகனுக்குப் பதினோரு வயது. வீட்டு வாசலில் வேன் ஏறி, நகரத்துத் தனியார் பாடசாலைக்குப் போய், வாசலிலேயே வந்து இறங்குபவன். ஒரு நாள் பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்து அளந்து, வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள். வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய எடை என்று அதில் எழுதியிருந்தது. என் தாயார் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. “பேரன் இப்போதுதான் தேறியிருக்கிறான், கண் படப் போகிறது” என்றார். நானும் சீட்டை மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அருகில் ஒரு கிராமத்தில், உளுந்து விதை நேர்த்தி விளக்கம் காட்டப் போயிருந்தேன். சர்க்கார் பாடசாலையில் மத்தியான போஜன வேளை. தட்டேந்தி வரிசையில் நின்ற பிள்ளைகளில் மிகவும் பருத்தவர் ஒருவரையும் காணவில்லை. மெலிந்தவர்கள் சிலர் இருந்தனர். அவ்வூரில் என்னிடம் விதை வாங்க வந்த நிலக்காரர்களின் பிள்ளைகளோ, என் மகனைப் போலவே வேனில் போய்விட்டிருந்தனர். மாலையில் அவர்கள் இறங்கும்போது பார்த்தேன். அப்போதுதான் மடித்து வைத்த சீட்டின் பொருள் எனக்கு விளங்கிற்று.

மிகைப் பருமன் ஏழைகளுக்கு வராது என்பதன்று. இப்பொழுது எல்லா வீடுகளையும் அது எட்டி வருகிறது. ஆயினும் நம் தேசத்தில் வசதி மிகுந்த குடும்பத்துப் பிள்ளைகளிடமும், தனியார் பாடசாலைப் பிள்ளைகளிடமும் அது அதிகம் என்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே இக்கட்டுரை முக்கியமாய் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியதே.

3. காரணம் யாது?

ஏரியின் கணக்கைப் போன்றதே தேகத்தின் கணக்கும். சோழகங்கம் என்னும் நம் பொன்னேரிக்கு வரத்து உண்டு. மதகு வழியே போக்கும் உண்டு. வரத்து மிஞ்சி, மதகும் அடைபட்டால் நீர் கரைமேல் ஏறும். ஆகாரத்தின் மூலம் வரும் சக்தி வரத்து; ஓட்டம், விளையாட்டு, வளர்ச்சி ஆகியவை போக்கு. செலவாகாத சக்தி கொழுப்பாய்த் தேங்குகிறது.

வரத்து மிஞ்சியதற்கு முதற்காரணம் சர்க்கரை கலந்த பானங்களும், மைதா, எண்ணெய், உப்பு ஆகியவற்றால் ஆன பாக்கெட் தின்பண்டங்களும் ஆகும். 250 மில்லி லிட்டர் குளிர்பானத்தில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. இது ஐந்து தேக்கரண்டியாகும். நாளொன்றுக்கு 1,600 கலோரி வேண்டிய ஒரு சிறுவன் சேர்க்கப்பட்ட சர்க்கரை மூலம் பெறுவது 40 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், 20 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நலம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுப்படி ஏற்படுகிறது. ஒரு பானத்திலேயே அந்த இரண்டாவது அளவு தாண்டிவிடுகிறது. அதன்மேல் காலையில் சர்க்கரை கலந்த மால்ட் பானமும், மாலையில் பிஸ்கோத்தும் வருகின்றன.

இரண்டாவது காரணம், தட்டில் தீட்டிய அரிசியே மலை போல் நிற்பதும், காய்கறியும் பருப்பும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் ஆகும்.

போக்கு அடைபட்டதற்குக் காரணம் நாம் எல்லோரும் அறிந்ததே. முன்னெல்லாம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்தனர், மாலையில் மாட்டை ஓட்டி வந்தனர், கடலை பறித்தனர், ஏரியில் நீந்தினர். இன்று மாடு குறைந்தது. வேலைகளை இயந்திரம் செய்கிறது. பிள்ளை வேனில் போகிறது. வீட்டுக்கு வந்ததும் கைப்பேசி முன் உட்காருகிறது. விளையாடும் நேரத்தைத் தனிப்பாடம் எடுத்துக்கொண்டது.

இன்னுமொரு விஷயம் நம் தேசத்தார் கவனிக்கத்தக்கது. பூனாவைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரத்துச் சிசுக்களுடன் டாக்டர் யாஜ்ஞிக் முதலியோர் ஒப்பிட்டு, முடிவை 2003-இல் வெளியிட்டனர். நம் சிசுக்களின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் சிசுக்களுக்குத் தசை மிகவும் குறைவாயிருந்தும், தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. அஃதாவது, மெலிந்து காணும் நம் தேகத்திலும் கொழுப்பின் பங்கு அதிகம். ஆகவே சிறிதளவு மிகை எடையும் நம்மவருக்கு அதிகத் தீங்கு செய்கிறது. கர்ப்பிணிகளின் போஷாக்கைக் கவனிப்பதும் இதனால் அவசியமாகிறது.

4. நம் பாடசாலைப் போஜனத் திட்டம்

பாடசாலையில் உணவளிக்கும் வழக்கம் நம் மாகாணத்தில் பழையது. 1920-ஆம் வருஷத்தில், பி. தியாகராய செட்டியார் தலைவராயிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள பாடசாலையில் மாணவர்களுக்கு உணவளிக்கத் தொடங்கிற்று. 1956-இல் காமராஜர் காலத்தில் மத்தியான உணவுத் திட்டம் மாகாணமெங்கும் பரவிற்று. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் திருச்சிக்கு அடுத்த பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25-இல் எல்லாச் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிந்தது.

இவையெல்லாம் பசியைப் போக்க எழுந்தவை. ஆயினும் இதே திட்டம் மிகைப் பருமனைத் தடுக்கவும் நல்ல சாதனமாகும். மத்திய சர்க்காரின் விதிப்படி ஆரம்பப் பாடசாலைப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று அளவு உண்டு. இதனால் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, 7.5 கிராம் எண்ணெய். 700 கலோரி, 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் முட்டையும், அதனை உண்ணாதவர்க்கு வாழைப்பழமும் இதனுடன் சேர்க்கப்பட்டன. அளந்து, வேளை தவறாமல், சர்க்கரைப் பானமின்றிக் கிடைக்கும் இப்போஜனம், நம் பிள்ளைகள் டப்பாவில் கொண்டு போகும் நூடுல்சையும் வறுவலையும் விடப் பல வகையில் மேலானது. நிலமுடையோர் இதனைக் குறைவாக நினைத்தல் தகாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மூலம் வருகின்றன. காய்கறியை மட்டும் சத்துணவு அமைப்பாளர், தமக்களிக்கப்படும் சிறிய தொகையைக் கொண்டு அங்கங்கே வாங்க வேண்டியிருக்கிறது. தக்காளி, வெங்காயம் விலை ஏறும் மாதங்களில் குழம்பில் காய் குறைகிறது. காய் குறைந்த இடத்தைச் சோறே நிரப்புகிறது. தானியமும் பருப்பும் எங்கிருந்தோ வர, நம் ஊர் நிலத்துக்கு விடப்பட்ட பொறுப்பு காய்கறி ஒன்றே. அதுவே குறைவாயிருப்பது நமக்கு அழகன்று.

5. பாடம் மட்டும் போதுமா? பிற தேச அனுபவம்

பிரான்சு தேசத்தின் வடபாகத்தில் ஃப்ளர்பே, லவாந்தி என்ற இரு சிறு ஊர்கள் உள்ளன. 1992-ஆம் வருஷத்தில் அங்குள்ள பாடசாலைகளில் ஆகாரத்தைப் பற்றிய போதனையைத் தொடங்கினர். பிள்ளைகள் பாடத்தை நன்றாய்க் கற்றனர். ஆனால் மிகை எடை உடனே குறையவில்லை. ஆரம்ப வருஷங்களில் அது ஏறவே செய்தது. பிறகு ஊர்ச் சபையாரும், வைத்தியர்களும், கடைக்காரர்களும், விளையாட்டுச் சங்கத்தாரும் சேர்ந்துகொண்டனர். விளையாட்டு வசதிகள் ஏற்பட்டன. குடும்பங்களை அழைத்து யோசனை கூறினர். 2004-இல் அவ்வூர்ப் பிள்ளைகளில் மிகை எடை உடையோர் நூற்றுக்கு 8.8 பேர், ஒப்புக்காக எடுத்துக்கொண்ட பக்கத்து ஊர்களில் 17.8 பேர்.

பல தேசங்களில் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதனையே கூறுகின்றனர். உபதேசத்தால் மட்டும் விளையும் பலன் அற்பம். ஆகாரத்தையும் தேக உழைப்பையும் சேர்த்துக் கவனிக்கும் திட்டங்களால் கிடைக்கும் பலனும் சிறிதே. ஆனால் அது உண்மையான பலன். ஊர் முழுவதும் அதனைத் தாங்கினால்தான் அது நிலைக்கும்.

விவசாயிகள் அறிய வேண்டியது பிரேசில் தேசத்துச் சட்டம். அங்கே 2009-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, பாடசாலைப் போஜனத்திற்கென மத்திய சர்க்கார் அளிக்கும் தொகையில் நூற்றுக்குக் குறைந்தது 30 பங்கைச் சிறு விவசாயக் குடும்பங்களின் விளைபொருள்களை வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தது. பிள்ளைகளுக்குப் புதிய காய்கறி கிடைத்தது. விவசாயிக்கு நிச்சயமான சந்தையும் கிடைத்தது. ஜப்பானில் 1954-ஆம் வருஷம் முதல் பாடசாலைப் போஜனத்திற்குத் தனிச் சட்டம் உண்டு. அங்கே பிள்ளைகளே பரிமாறி, உபாத்தியாயருடன் உட்கார்ந்து உண்டு, தாமே துப்புரவு செய்கின்றனர். போஜனமும் ஒரு பாடமாகவே கருதப்படுகிறது.

6. நாம் செய்யத்தக்கவை

(அ) நிறுத்தும் அளந்தும் பார்த்தல்.— விதையையும் உரத்தையும் நிறுத்து இடும் நாம் பிள்ளையைக் கண்ணால் மதிப்பிடுவது முறையன்று. கிலோவில் எடுத்த எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.40 மீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பிள்ளைக்கு 45-ஐ 1.96-ஆல் வகுத்தால் சுமார் 23 வரும். பெரியவர்களுக்கு 25 வரை மோசமில்லை என்று சிலர் கூறுவதைக் கேட்டு இதனைச் சரி என்று நினைக்கலாகாது. பிள்ளைகளுக்கு வயதையும், ஆண் பெண் பேதத்தையும் கொண்டு தனி அட்டவணை உண்டு. பதினோரு வயதுச் சிறுவனுக்கு 23 மிகையாகும். ஆகவே அட்டவணையைக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ, வைத்தியரிடமோ காட்டிக் கேட்க வேண்டும். தேசிய சிறுவர் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் வைத்தியக் குழுக்கள் சர்க்கார் பாடசாலைகளுக்கு வந்து பரிசோதிக்க ஏற்பாடு உண்டு. அவர்கள் கொடுக்கும் சீட்டை நான் செய்தது போல் மடித்து வைக்க வேண்டாம்.

(ஆ) காய்கறி முறை.— அறுபது பிள்ளைகள் உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலைக்குத் தலைக்கு 50 கிராம் வீதம் நாளொன்றுக்கு 3 கிலோ காய்கறி வேண்டும். ஐந்து நாள் கொண்ட வாரத்துக்கு 15 கிலோ. ஊரில் பத்து விவசாயிகள் முன்வந்தால் ஒருவர் பங்கு வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ. இது நாம் கத்தரிக்காய்க் கூடையைச் சந்தைக்குத் தூக்கும்போது நசுங்கி வீணாவதைவிட அதிகமன்று. இலவசமாய்க் கொடுக்க இயலாதவர்கள் சந்தைக்குக் கொடுக்கும் விலைக்கே அமைப்பாளருக்குக் கொடுக்கலாம். தரகும் வண்டிச் சத்தமும் மிஞ்சும். யார் எந்த வாரம், எந்தக் காய் என்பதைப் பாடசாலை மேலாண்மைக் குழுவில் எழுதி வைத்துக்கொள்வது நலம். கடைசியாய் மருந்தடித்த பின் குறிப்பிட்ட நாட்கள் கழியாத காயைப் பிள்ளைகளுக்கு ஒருபோதும் அனுப்பலாகாது. பிறந்த நாள், திதி முதலிய விசேஷங்களில் பாடசாலைக்கு விருந்தளிப்பவர்கள் லட்டும் கேசரியும் கொடுப்பதை விட்டு, பப்பாளி, கொய்யா, வாழை, அவித்த கடலை ஆகியவற்றைக் கொடுத்தல் சிலாக்கியம்.

(இ) பாடசாலைத் தோட்டம்.— மூன்று சென்ட், அஃதாவது சுமார் 120 சதுர மீட்டர் இடம் போதும். வேலியோரம் இரண்டரை மீட்டருக்கு ஒன்றாய்ப் பெரியகுளம் 1 முருங்கையும், இடையே கறிவேப்பிலையும் அகத்தியும் வைக்கலாம். கை கழுவும் நீரும் தட்டுக் கழுவும் நீரும் ஓடும் வாய்க்காலோரம் வாழையும் பப்பாளியும் வைக்க வேண்டும். நடுவில் ஒரு மீட்டர் அகலப் பாத்திகளில் கீரையைப் பதினைந்து நாளைக்கு ஒரு பாத்தியாய் விதைத்தால், இருபத்தைந்து முதல் முப்பது நாளில் அறுவடை தொடர்ந்து கிடைக்கும். வெண்டையை 45-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றினால் 45 நாளில் முதற்காய் பறிக்கலாம். அவரையும் புடலையும் பந்தலில் ஏறும். பூச்சிக்கு 10 லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டையை இடித்து, இரவு ஊற வைத்து, வடிகட்டித் தெளித்தால் போதும்.

பாடசாலைத் தோட்டங்கள் ஆடியில் அழகாய்த் தொடங்கிச் சித்திரையில் சருகாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கோடை விடுமுறையில் நீர் விடுவார் இல்லாமையே காரணம். பாடசாலைக்கு அடுத்த நிலக்காரர் ஒருவர் மே மாதத்தில் வாரம் இருமுறை நீர் விடச் சம்மதித்தால் அன்றி, தோட்டம் போட வேண்டாம் என்றே நான் இப்பொழுது சொல்லி வருகிறேன். தோட்டத்து விளைவு பாடசாலைத் தேவைக்கு முற்றும் போதாது. ஆனால் தான் ஊன்றிய வெண்டையைப் பிள்ளை தட்டில் ஒதுக்குவதில்லை. அதுவே அதன் பெரும்பயன்.

(ஈ) வரகும் கேழ்வரகும்.— நம் செம்மண் கொல்லைகளில் வரகு நின்ற இடத்தில் இன்று முந்திரியும், மக்காச்சோளமும், சவுக்கும் நிற்கின்றன. வரகை விட்டு மக்காச்சோளம் போடுங்கள் என்று வீடு வீடாய்ச் சொன்னவர்களில் நானும் ஒருவன். வருமானத்தைக் கொண்டு பார்த்தால் அது தவறன்று. அந்த மக்காச்சோளம் கோழித் தீவனமாகி, முட்டையாய்ப் பிள்ளைகளின் தட்டுக்கும் வருகிறது. ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கென அரை ஏக்கர் வரகை ஒதுக்குங்கள் என்றும் அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சிறுதானியம் இளைக்க வைக்கும் மருந்து என்று நம்புவது பிழை. எடைக்கு எடை பார்த்தால் அரிசிக்கும் அதற்கும் கலோரியில் பெருத்த பேதமில்லை. ஆனால் நார்ச்சத்து அதிகமாதலால் குறைந்த அளவிலேயே வயிறு நிறைந்த உணர்வு உண்டாகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே. முன்பு வரகு குத்தும் கஷ்டத்தாலேயே ஸ்திரீகள் அதனை வெறுத்தனர். இப்பொழுது உமி நீக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகு மயக்கமும் வாந்தியும் உண்டாக்கும் விஷமாகும். நன்றாய்க் காய்ந்ததையே உபயோகிக்க வேண்டும். சாகுபடி யோசனைக்குச் சோழமாதேவியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம்.

(உ) பாடசாலை வாசல்.— இது கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பாடசாலைக்குள்ளும், அதன் வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என்று 2020-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு ஒழுங்கு விதிகள் கூறுகின்றன. இவ்விதி சர்க்கார் பாடசாலைக்கும் தனியார் பாடசாலைக்கும் பொது. அளவுச் சங்கிலியைப் பிடித்து 50 மீட்டர் எதுவரை என்று ஒருமுறை குறித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். அங்கே பிழைக்கும் ஏழை வியாபாரியை விரட்டுவது நோக்கமன்று. அவித்த வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, மோர் ஆகியவற்றை விற்கும்படி சொல்லி, நம் விளைபொருளை அவருக்கே மொத்த விலைக்குக் கொடுத்தால் அவரும் பிழைப்பார், நமக்கும் விற்பனையாகும்.

(ஊ) விளையாட்டு.— 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்கு 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி தேகம் உழைக்க வேண்டும். அறுவடையில்லாத மாதங்களில் களத்துமேட்டை மாலையில் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தால் சடுகுடுவுக்கும் கிட்டிப்புள்ளுக்கும் வேறு மைதானம் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே இடமும் பாதுகாப்பும் இருக்கும்படி பெரியவர்கள் ஒருவர் இருவர் மாலையில் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். வேனை வீட்டு வாசலுக்கு அழைக்காமல் ஊர் எல்லையில் நிறுத்தினால், எல்லாப் பிள்ளைகளும் கூட்டாய் நடப்பார்கள்.

7. எச்சரிக்கைகள்

முதலாவது, பிள்ளையைப் பட்டினி போடலாகாது. வளரும் பிள்ளையின் எடையைக் குறைப்பதைவிட, எடையை ஏறவிடாமல் நிறுத்தி, உயரம் வளர்ந்து அதனைச் சரிக்கட்டும்படி செய்வதே பெரும்பாலும் தக்க முறை. மிக அதிகப் பருமனுக்கு வைத்தியரின் யோசனை அவசியம்.

இரண்டாவது, பருமனைப் பற்றிய பேச்சைக் கேட்டு, மெலிந்த பிள்ளைகளின் சோற்றைக் குறைக்க யாரும் துணியலாகாது. பாடசாலையில் குறைக்க வேண்டியது தின்பண்டமே, போஜனம் அன்று.

மூன்றாவது, பிள்ளையைக் கேலி செய்யலாகாது. “குண்டன்” என்று கூப்பிட்டதால் இளைத்த பிள்ளை இல்லை. ஒளிந்து தின்னக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. எடை எடுப்பதும் மற்றவர் காதில் விழாதபடி நடக்க வேண்டும்.

நான்காவது, பெரியவர்கள் தாம் செய்யாததைப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாகாது. என் வீட்டில் மகனுக்கு மட்டும் குளிர்பானத்தை நிறுத்தினேன், பலிக்கவில்லை. வீட்டுக்கு வாங்குவதையே நிறுத்தி, நானும் இரவில் சோற்றைக் குறைத்துக் காயை அதிகப்படுத்திக்கொண்ட பிறகே வழிக்கு வந்தான். மாலையில் என்னோடு வயலுக்கு நடந்து வருகிறான். ஒரு வருஷமாகிறது. அவன் எடை குறையவில்லை, ஏறவும் இல்லை, உயரம் மட்டும் வளர்ந்திருக்கிறான். பாடசாலையில் இவ்வருஷம் கொடுத்த சீட்டை என் தாயாரே கேட்டு வாங்கி, சுவாமி படத்தருகில் வைத்திருக்கிறார்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றின் சுருக்கமாவது: பாடசாலைப் பாடம் மட்டும் பிள்ளையைக் காக்காது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ காய்கறி நிலக்காரர் பங்கு. வாசலில் 50 மீட்டர் அதிகாரிகள் பங்கு. நாளொன்றுக்கு 60 நிமிஷம் ஊரார் எல்லோருடைய பங்கு. வீட்டுத் தட்டு பெற்றோர் பங்கு. இவற்றில் பணம் அதிகம் பிடிப்பது ஒன்றுமில்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களில் அடுத்து வருவது எதுவோ அதில், காய்கறி முறையையும் பாடசாலை வாசல் எல்லையையும் பற்றித் தீர்மானம் கொண்டுவரும்படி விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேனில் போகும் பிள்ளைகளின் பெற்றோரும், தாம் பணம் கட்டும் பாடசாலைகளில் இவற்றைக் கேட்டு வாங்க உரிமையுடையவர்கள். தோட்டம் போட விரும்பும் பாடசாலைகள் ஆடிப்பட்டத்திற்கு ஒரு மாதம் முன்னதாகவே நிலத்தைக் கொத்தி, மக்கிய எருவிட்டுத் தயார் செய்து வைத்துக்கொண்டால், பாத்தி பிடித்து விதைக்கும் முறையை நேரில் வந்து காட்ட நான் எப்பொழுதும் சித்தமாயிருக்கிறேன்.